ட்ரெய்லர் இழுக்கும்போது மட்டும் இஞ்சின் மிஸ்ஸிங் அடிக்குதா? பிக்கப் வச்சிருக்கவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நான் இருக்கிறது அமெரிக்காவுல கொலராடோ, டென்வர் பக்கம். கோடைக்காலம் வந்தா கேம்பர் ட்ரெய்லரை மாட்டிட்டு ஐ-70 ஹைவேல மேற்கால மலை ஏறிடுவோம். எனக்குத் தெரிஞ்ச தமிழ்க் குடும்பங்கள்லயே ஏழெட்டு பேர் இப்ப பிக்கப் ட்ரக் வாங்கிட்டாங்க, ஒருத்தர் போட் இழுக்கிறார், ஒருத்தர் கேம்பர், ஒருத்தர் வீட்டுக்கு மரம், கல்லுன்னு ஏத்திட்டு வர்றார். எல்லாரும் எனக்கு போன் பண்ணி கேக்கிறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு. இதுல சொல்றது முழுக்க பெட்ரோல் வண்டிக்கு, டீசல்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதோட கதை வேற.

கேள்வி: ஆபீசுக்குப் போகும்போது வெண்ணெய் மாதிரி ஓடுது. ட்ரெய்லர் மாட்டி மேடு ஏறினா மட்டும் மிஸ்ஸிங் அடிச்சு குலுக்குது. ஏன்?

நெஞ்சுல அடைப்பு இருக்கிறவங்க சமதரையில நல்லாத்தான் நடப்பாங்க, மூணாவது மாடி ஏறும்போதுதான் தெரியும், டாக்டர் ட்ரெட்மில்ல ஓடச் சொல்றது அதுக்குத்தான். ட்ரெய்லர்தான் உங்க இஞ்சினுக்கு ட்ரெட்மில். நீங்க ஆக்ஸிலரேட்டரை ஆழமா மிதிக்கும்போது சிலிண்டருக்குள்ள காத்து நிறைய போகுது, அதை பிஸ்டன் அமுக்கும்போது பிரஷர் ஏறுது. அந்த நெருக்கமான காத்துக்குள்ள பிளக்கோட இடைவெளியைத் தாண்டி தீப்பொறி குதிக்க ஆயிரக்கணக்குல கூடுதல் வோல்ட் வேணும். பிளக்குக்கு அந்த வோல்ட்டைக் கொடுக்கிற காயில் கொஞ்சம் வீக்கா இருந்தாலோ, காயிலையும் பிளக்கையும் சேக்கிற ரப்பர் பூட்ல கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலோ, பிளக் தேய்ஞ்சு கேப் பெருசாகி இருந்தாலோ அந்த மின்சாரம் பிளக் முனைக்குப் போகாம சுலபமான வழியைப் பாத்துக்கும், அதாவது பூட் வழியா வெளிய வந்து பக்கத்துல இருக்கிற சிலிண்டர் ஹெட்டுல இறங்கிடும். உள்ள இருக்கிற பெட்ரோல் எரியாமலே வெளிய போயிடும். அதுதான் மிஸ்ஃபயர்.

அதனால லோடுல மட்டும் வர்ற மிஸ்ஸிங்குக்கு நான் முதல்ல பாக்கிறது ஸ்பார்க், அடுத்து ஃப்யூவல், கடைசியா கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற பிரஷர்). ஐடில்லயே (மிதிக்காம நிக்கும்போதே) நடுங்குற வண்டின்னா இந்த வரிசை மாறும், அங்க வேக்யூம் லீக்கும் (வழியில்லாத வழியா இஞ்சினுக்குள்ள காத்து புகுறது) வால்வும் முன்னாடி வந்துடும். எந்த நிலைமையில மிஸ் ஆகுதுங்கிறதைக் கவனிக்காம பார்ட்ஸ் வாங்கிடாதீங்க, தயவு செஞ்சு.

கேள்வி: மலை ஏறும்போது செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரியுது. நிறுத்தணுமா, இல்ல மெதுவா வீட்டுக்கு வந்துடலாமா?

லைட் நிலையா எரியறது வேற, பிளிங்க் ஆகறது வேற. பிளிங்க் ஆச்சுன்னா, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போற அளவுக்கு இப்ப இந்த நிமிஷம் மிஸ்ஃபயர் நடக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. எரியாத பெட்ரோல் சூடான கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியும், உள்ள இருக்கிற தேன்கூடு மாதிரி பீங்கான் உருகவே ஆரம்பிச்சுடும். ஒரு காயிலோட முடிய வேண்டிய செலவு பல மடங்காயிடும்.

உடனே காலை எடுங்க. டோ-ஹால் மோடு (எடை இழுக்கும்போது போடுற பட்டன்) போடலன்னா போடுங்க, இல்லன்னா கையால ஒரு கியர் குறைங்க. பெரிய கியர்ல 1800 ஆர்பிஎம்ல திணறிக்கிட்டு ஏறும்போதுதான் ஒவ்வொரு சிலிண்டர் மேலயும் சுமை அதிகம், அதே வேகத்துக்கு சின்ன கியர்ல 3000-3500ல ஓடினா ஒரு தடவைக்கான சுமை குறையும், நிறைய சமயம் மிஸ்ஸிங் அப்படியே அடங்கிடும். அடங்கினா அடுத்த எக்ஸிட் வரைக்கும் பூப்போல ஓட்டிட்டுப் போங்க. அடங்கலன்னா ஹசார்ட் போட்டு பாதுகாப்பான இடத்துல ஒதுக்கி நிறுத்துங்க. அப்ப காய்ஞ்ச புல்லு மேல மட்டும் நிறுத்திடாதீங்க, கன்வெர்ட்டர் அப்ப இருக்கிற சூட்டுக்கு புல்லு பத்திக்கும், ஜூலை ஆகஸ்ட்ல இங்க மலையில எல்லாமே காய்ஞ்சு கிடக்கும். பிள்ளைங்களை வண்டியை விட்டு தள்ளி, கார்ட் ரெயிலுக்கு அந்தப்பக்கம் நிக்க வைங்க.

கேள்வி: இது நிஜமாவே மிஸ்ஃபயர்தானா, இல்ல வேற எதாவதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்வி. எனக்கு வர்ற போன்ல பாதி மிஸ்ஃபயரே கிடையாது.

ரொம்ப ஏமாத்துறது டார்க் கன்வெர்ட்டர் (இஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கிறது) ஷடர், அதாவது நடுக்கம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகும்போது உள்ள இருக்கிற கிளட்ச் சரியா பிடிக்காம வழுக்கி வழுக்கி பிடிச்சா, ரோட்டுல இருக்கிற ரம்பிள் ஸ்ட்ரிப் மேல போற மாதிரி சீரா ஒரு நடுக்கம் வரும், பொதுவா லேசா மிதிச்சிட்டு 40-60 மைல் வேகத்துல போகும்போது. அந்த நடுக்கம் இருக்கும்போதே வலது காலை ஆக்ஸிலரேட்டர்ல அப்படியே வச்சுக்கிட்டு, இடது காலால பிரேக்கை லைட் எரியற அளவுக்கு மட்டும் லேசா தொடுங்க. பிரேக் சுவிட்ச் பட்டதும் லாக்-அப் விடுபடும். நடுக்கம் டக்குன்னு நின்னா அது கியர்பாக்ஸ் விஷயம், தொடர்ந்து இருந்தா இஞ்சின் பக்கம் பாருங்க. இதை ட்ரெய்லர் மாட்டாம, பின்னாடி வண்டி வராத ரோட்டுல செய்யுங்க. ஜிஎம்மோட 8 ஸ்பீடு கியர்பாக்ஸ்ல இந்த ஷடர் ரொம்பப் பிரசித்தம், அதுக்கு கம்பெனியே வேற ஆயில் மாத்தச் சொல்லி டீலர்களுக்கு அறிவிப்பு கொடுத்தது, அதையும் மிஸ்ஃபயர்னு நினைச்சு பிளக் மாத்துறவங்க இருக்காங்க.

இன்னொண்ணு ஹிட்ச் (ட்ரக்ல ட்ரெய்லரை மாட்டுற இணைப்பு) ஆட்டம். ட்ரெய்லரைத் தாங்குற பால் மவுண்ட் ட்ரக்கோட ரிசீவர் சாக்கெட்ல லூசா இருந்தாலோ, நாக்கு எடை சரியில்லன்னாலோ (மொத்த ட்ரெய்லர் எடையில 10-லிருந்து 15 சதவீதம் ஹிட்ச்ல உக்காரணும்) ரோடு ஜாயிண்ட் ஒவ்வொண்ணுக்கும் ட்ரெய்லர் ட்ரக்கை முன்னாடி பின்னாடி இடிக்கும். சீட்டுல உக்காந்திருக்கவங்களுக்கு இஞ்சின் ஜெர்க் அடிக்கிற மாதிரியேதான் இருக்கும், ஆனா ஆர்பிஎம் முள்ளு ஆடாது.

மூணாவது வெறும் உயரம். டென்வரே 5280 அடி, ஐ-70ல ஐசன்ஹோவர் டனல் 11,000 அடிக்கு மேல. டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் பவர் போகும்னு கணக்கு, அப்ப டனல் வாசல்ல மூணுல ஒரு பங்கு குதிரையைக் காணோம். சீரா பவர் குறைஞ்சு, குலுக்கல் இல்லாம, சத்தம் ஒரே மாதிரி இருந்தா அது வியாதி இல்ல.

கேள்வி: ஸ்கேனர் வாங்கணுமா? கோட் மட்டும் பாத்தா போதாதா?

1996 மாடல்ல இருந்து அமெரிக்காவுல வித்த எல்லா கார், லைட் ட்ரக்லயும் ஸ்டீயரிங்குக்குக் கீழ, கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச கோளாறு கோடைப் படிக்கிற ஓபிடி-2 சாக்கெட் இருக்கு. போன்ல ப்ளூடூத்ல ஓடுற சின்ன அடாப்டரே ஆரம்பத்துக்குப் போதும், ட்ரெய்லர் இழுக்கிற வீட்டுல அது ஸ்பேர் டயர் மாதிரி இருக்கணும்.

ஆனா கோட் நம்பரோட நிறுத்திடாதீங்க. பி0301-லிருந்து பி0308 வரைக்கும்னா கடைசி எண்தான் சிலிண்டர் நம்பர், பி0300னா இன்ன சிலிண்டர்னு இல்லாம பலதுல மிஸ் ஆகுதுன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்குதுன்னா கிராங்க் ஷாஃப்ட் சென்சார் வச்சு, ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஒரு உந்து உந்தணும், உந்து வரலன்னா அந்த இடத்துல சுத்து லேசா தாமதமாகும், அந்தத் தாமதத்தை எண்ணுது. அதாவது இந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், காயிலா இன்ஜெக்டரா வால்வான்னு தெரியாது. கோட் பாத்து காயில்னு முடிவு பண்றது, காய்ச்சல்னு தெரிஞ்சதும் டைபாய்டு மாத்திரை கொடுக்கிற மாதிரி.

கோட் நம்பரை அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்குங்க. மிஸ் ஆன நேரத்துல ஆர்பிஎம் எவ்ளோ, லோடு எத்தனை சதவீதம், கூலன்ட் சூடு, வேகம், ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கிற கணக்கு) எல்லாம் அதுல இருக்கும். நிறைய பேர் ஓசில கோட் பாக்கிற கடையில குடுத்து அழிச்சிட்டு வந்து என்கிட்ட கேக்கறாங்க, அப்ப துப்பே இல்லாத கேஸ் ஆயிடுது. 2008-க்கு அப்புறம் வந்த வண்டின்னா ஸ்கேனர் ஆப்ல மோடு 6-ங்கிற பக்கத்துல சிலிண்டர் வாரியா மிஸ்ஃபயர் எண்ணிக்கையும் பாக்கலாம், லைட் எரியறதுக்கு முன்னாடியே எந்த சிலிண்டர் தடுமாறுதுன்னு அதுல தெரிஞ்சிடும்.

கேள்வி: ஒரே சிலிண்டர் கோட் வருது. வீட்டுலயே எப்படி டெஸ்ட் பண்றது?

இடமாத்தம்தான். இப்ப இருக்கிற பெரும்பாலான வண்டில ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல ஒரு காயில். பி0303 வருதுன்னு வைங்க, இஞ்சின் நல்லா ஆறினப்புறம் மூணாவது சிலிண்டர் காயிலை ஆறாவதுக்கும் ஆறாவதை மூணாவதுக்கும் மாத்துங்க, கோட் நம்பரை அழிங்க, அதே மேட்டுல அதே லோடுல ஓட்டுங்க. பி0306-ஆ மாறினா காயிலோ பூட்டோதான் குற்றவாளி. மூணுலயே நின்னா அடுத்து பிளக்கை அதே மாதிரி மாத்திப் பாருங்க, அப்புறமும் நகரலன்னா இன்ஜெக்டர், வயர், கம்ப்ரஷன்னு போகணும். ஒரே நேரத்துல காயிலையும் பிளக்கையும் சேத்து மாத்திடாதீங்க, எதுல தப்புன்னு தெரியாம போயிடும்.

சிலிண்டர் நம்பர்ல ஏமாந்துடாதீங்க. ஃபோர்டு வி8-ல பாசஞ்சர் பக்கம் முன்னாடி இருந்து 1, 2, 3, 4, டிரைவர் பக்கம் 5, 6, 7, 8. ஜிஎம் வி8, ராம் ட்ரக்கோட ஹெமி இஞ்சின் இதுலெல்லாம் டிரைவர் பக்கம் 1, 3, 5, 7, பாசஞ்சர் பக்கம் 2, 4, 6, 8. ஃபோர்டு பழக்கத்துல ஷெவி (ஜிஎம்மோட ஷெவ்ரோலே) வண்டியில கை வச்சு நல்லா இருந்த காயிலை கழட்டிப் போட்டவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: காயில் புதுசா போட்டாச்சு. மூணு வாரத்துல திரும்ப அதே சிலிண்டர். டூப்ளிகேட் பார்ட்டா?

இது எனக்கே நடந்தது. அப்ப இருந்தது ஒரு பழைய வி8 ட்ரக், அஞ்சாயிரம் பவுண்டு கேம்பர், டனலுக்கு முந்தின ஏத்தத்துல லைட் பிளிங்க் ஆகி, பின்சீட்டுல பிள்ளைங்க பயந்து, எப்படியோ தள்ளாடி மேல ஏறி ஒரு வொர்க் ஷாப்ல விட்டேன். எட்டாவது சிலிண்டர் காயில் மட்டும் மாத்திக் கொடுத்தாங்க. டெஸ்ட் டிரைவ்ல ஒரு குறையும் இல்ல, ட்ரெய்லர் இல்லாம ஓட்டினா எப்படி இருக்கும்! மூணு வாரம் கழிச்சு அதே ஏத்தம், அதே சிலிண்டர். இந்தத் தடவை நானே கழட்டிப் பாத்தேன், பிளக்கோட வெள்ளைப் பீங்கான் மேல பென்சிலால கோடு போட்ட மாதிரி மேல இருந்து கீழ ஒரு கருப்புக் கோடு. புதுப் பூட்டுக்குள்ளயும் அதே இடத்துல அதே கோடு.

அதுக்கு கார்பன் ட்ராக்னு பேரு. ஒரு தடவை மின்சாரம் பீங்கான் மேல வழி கண்டுபிடிச்சு இறங்கிட்டா அந்த வழி கரியா நிரந்தரமா பதிஞ்சுடும், கரி கரன்ட்டை கடத்தும். பழைய பிளக்கை விட்டுட்டு புது பூட் போட்டா பிளக்ல இருக்கிற கோடு புது பூட்டையும் சுட்டுடும், பிளக்கை மாத்திட்டு பழைய பூட்டை விட்டா பூட் பிளக்கைக் கெடுக்கும். ரெண்டையும் சேத்து மாத்தணும். டெஸ்ட்டுக்கு ஒண்ணொண்ணா இடம் மாத்திப் பாக்கிறது சரி, ஆனா கோடு கண்ணுல பட்டாச்சுன்னா ஜோடியா தூக்கிப் போடுங்க. பூட் உள்பக்கம் கொஞ்சம் டை-எலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்க, முனையில இருக்கிற மெட்டல்ல தடவ வேண்டாம்.

கோடு ஏன் வந்ததுன்னும் பாக்கணும், இல்லன்னா திரும்ப வரும். என் வண்டியில பிளக் உக்காந்திருக்கிற குழிக்குள்ள (அதைத்தான் கிணறுன்னு சொல்றேன்) ஈரம் இறங்கியிருந்தது. ஃபயர்வால் (இஞ்சினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர்) ஓரத்துல இருக்கிற பின் சிலிண்டருக்கு இது அடிக்கடி நடக்கும், விண்ட்ஷீல்டுக்குக் கீழ தண்ணி வடியற வழியில இலை அடைச்சு வழிஞ்சிருக்கலாம், பக்கத்துல போற ஹீட்டர் ஹோஸ் கசியலாம், வால்வ் கவர் கேஸ்கெட்ல இருந்து ஆயில் இறங்கலாம், இஞ்சினை பிரஷர் வாஷ் பண்ணியிருக்கலாம். காயிலைத் தூக்கினதும் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க.

கேள்வி: பிளக் எப்ப மாத்தணும்? லட்சம் மைல்னு புக்ல போட்டிருக்கே?

அது சாதாரண ஓட்டத்துக்கு. எடை இழுக்கிறவங்களுக்குன்னு மேனுவல்ல கடின உபயோகம்னு தனி அட்டவணை இருக்கும், அதைப் பாருங்க. கேப் ரொம்ப முக்கியம். ஃபோர்டு 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் மாதிரி டர்போ இஞ்சின்ல 0.75-லிருந்து 0.85 மில்லிமீட்டர்தான், அது தேய்ஞ்சு 1 மில்லிமீட்டர் ஆனாலே பூஸ்ட் ஏறும்போது தீப்பொறி அணைஞ்சுடும், ஈகோபூஸ்ட்ல டோயிங் மிஸ்ஃபயர்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது பிளக் எப்ப போட்டீங்கன்னுதான். 5.7 ஹெமில சிலிண்டருக்கு ரெண்டு பிளக், மொத்தம் 16, எட்டு வாங்கிட்டு வந்து பாதியில நிக்காதீங்க.

2004-லிருந்து 2008 வரைக்கும் வந்த ஃபோர்டு 5.4 மூணு வால்வ் இஞ்சின் வச்சிருக்கவங்க கொஞ்சம் நில்லுங்க. அந்த பிளக் ரெண்டு துண்டா சேத்து செஞ்சது, கீழ நீளமா இருக்கிற குழாய் கரி பிடிச்சு ஹெட்டுல ஒட்டிக்கும், அவசரப்பட்டு திருகினா மேல் பாதி கையோட வரும் கீழ் பாதி உள்ளயே நின்னுடும். இஞ்சின் ஆறினப்புறம் கால் சுத்துக்கும் குறைவா லூஸ் பண்ணி, கார்பரேட்டர் கிளீனரை கிணத்துல கொஞ்சம் விட்டு, கால் மணி நேரமாவது ஊற வச்சு, முன்னயும் பின்னயுமா மெள்ள மெள்ள திருகித்தான் எடுக்கணும். உடைஞ்சா எடுக்கிறதுக்கு தனி டூல் கிடைக்குது. முதல் தடவைன்னா அனுபவம் இருக்கிறவரை பக்கத்துல வச்சுக்குங்க, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி: ஸ்பார்க் எல்லாம் சரி. அப்புறமும் மேடு ஏறும்போது எல்லா சிலிண்டரும் மிஸ் ஆகுது.

எல்லாமே சேந்து தடுமாறினா எல்லாத்துக்கும் பொதுவான விஷயத்தைத் தேடணும், அதுல முதல்ல ஃப்யூவல். சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். பம்ப் வீக்கா இருந்தா ஐடில்லயும் சமதரையிலயும் தேவையைச் சமாளிச்சுடும், ட்ரெய்லரோட ஏறும்போது தேவை பல மடங்கு, அப்ப பிரஷர் விழுந்துடும்.

இதுக்கு ஃப்யூவல் ட்ரிம் நல்ல சாட்சி. ஐடில்ல ட்ரிம் பிளஸ்ல எகிறி 2500 ஆர்பிஎம்ல இறங்கினா வேக்யூம் லீக். ஐடில்ல நல்லா இருந்து லோடு ஏற ஏற பிளஸ் 15, 20ன்னு ஏறினா பம்ப், ஃபில்டர், இல்லன்னா உள்ள போற காத்தை அளக்கிற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கு. சென்சாரை அதுக்குன்னே விக்கிற ஸ்பிரேல மட்டும் கழுவுங்க, பிரேக் கிளீனர் அடிச்சா போச்சு. எண்ணெய் தடவுற ஏர் ஃபில்டர் போட்டிருந்தா அந்த எண்ணெயே சென்சார்ல படியும். அப்புறம் கேஜ் மாட்டி பிரஷர் பாருங்க, நிக்கும்போது இல்ல, லோடுல. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில ஹை பிரஷர் பக்கம் 2000 பிஎஸ்ஐக்கு மேல ஓடும், அதுல ஸ்பேனர் வைக்கவே வைக்காதீங்க, ஸ்கேனர்ல மட்டும் பாருங்க.

ஒரு இடத்தை யாரும் பாக்க மாட்டாங்க, அதனால அழுத்திச் சொல்றேன். 2004-08 எஃப்-150ல பம்ப்புக்கு கரன்ட் அளந்து கொடுக்கிற சின்ன மாட்யூல் ஒண்ணு ஸ்பேர் டயருக்கு மேல ஃப்ரேம்ல போல்ட் பண்ணியிருக்கும். அதோட முதுகு அலுமினியம், ஃப்ரேம் இரும்பு, நடுவுல உப்புத் தண்ணி சேந்தா அலுமினியம் அரிச்சு ஓட்டை விழுந்து உள்ள ஈரம் போயிடும். இங்க குளிர்காலத்துல ரோட்டுல மெக்னீசியம் குளோரைடு தெளிக்கிறாங்க, பனி ஊர்ல ஓடின செகண்ட் ஹேண்ட் ட்ரக்னா ஸ்பேர் டயரை இறக்கி ஒரு தடவை பாத்துடுங்க. மாத்துறதா இருந்தா ஃப்ரேமுக்கும் மாட்யூலுக்கும் நடுவுல இடைவெளி விடற ஸ்பேசரோட வர்றதை வாங்குங்க.

கேள்வி: மலை ஊர் பங்க்ல ரெகுலர் 85 ஆக்டேன்னு போட்டிருக்கு. போடலாமா?

போடாதீங்க. உயரமான மாநிலங்கள்ல ரெகுலர்னு 85 விக்கிறது பழைய கார்பரேட்டர் காலத்து வழக்கம். பெரும்பாலான மேனுவல்ல குறைஞ்சது 87. 5.7 ஹெமிக்கு ராம் 89 சொல்லுது, ஈகோபூஸ்ட்ல கனமா இழுக்கும்போது பிரீமியம் நல்லதுன்னு ஃபோர்டே சொல்லுது. ஆக்டேன் குறைஞ்சா வர்றது நாக்கிங் (பெட்ரோல் தன்னால வெடிச்சு தட்டுறது), கம்ப்யூட்டர் தீப்பொறி டைமிங்கை பின்னுக்குத் தள்ளும், பவர் போகும். அது மிஸ்ஃபயர் இல்ல, ஆனா ட்ரெய்லரோட மிதிக்கும்போது ரெண்டுமே இழுவை இல்லைங்கிற ஒரே புகாராத்தான் வரும்.

கேள்வி: ஈரமான நாள்ல ஹைவேல ஒரே வேகத்துல போயிட்டு, ஓவர்டேக் பண்ண மிதிச்சா குலுங்கி பவர் கட் ஆகுது. 2011 ஈகோபூஸ்ட்.

2011-12 எஃப்-150 3.5 ஈகோபூஸ்ட்ல பிரசித்தமான விஷயம். முன்னாடி இருக்கிற, டர்போ அனுப்புற காத்தை ஆத்துற இன்டர்கூலர் ரொம்ப நல்லா குளிரும், ஈரப்பதமான காத்து அதுக்குள்ள தண்ணியா மாறி அடியில தேங்கும், திடீர்னு மிதிச்சா அந்தத் தண்ணி ஒரே இழுப்புல இஞ்சினுக்குள்ள போகும், அவ்ளோதான். ஃபோர்டு அப்புறம் காத்தைத் திருப்புற தகடும் சாஃப்ட்வேர் மாத்தமும் கொடுத்தது. பழைய வண்டி வாங்கினவங்க அது செஞ்சிருக்கான்னு டீலர்கிட்ட விஐஎன் (வண்டியோட அடையாள) நம்பர் சொல்லிக் கேளுங்க. காய்ஞ்ச நாள்லயும் வந்தா தண்ணி மேல பழி போடாம பிளக்கைப் பாருங்க.

கேள்வி: என் ஷெவி 5.3-ல ஏழாவது சிலிண்டர். காயில், பிளக், ரெண்டும் மாத்தியாச்சு. கூடவே டிக் டிக்னு சத்தம்.

மனசைத் திடப்படுத்திக்குங்க. பெட்ரோல் மிச்சம் பிடிக்க பாதி சிலிண்டரை அணைக்கிற ஏற்பாடு இருக்கு, 2007-லிருந்து 2018 வரைக்கும் வந்த ஷெவி சில்வராடோல அணையறது 1, 4, 6, 7. ஹெமியிலயும் அதே நாலுதான். அந்த சிலிண்டர்கள்ல போட்டிருக்கிற ஸ்பெஷல் லிஃப்டர் (வால்வைத் திறக்கத் தள்ளுற பார்ட்) மடங்கிட்டா வால்வ் திறக்காது. இந்த நாலுல ஒண்ணு விடாம மிஸ் ஆகி, கூட டிக் சத்தமும் இருந்தா காயிலுக்கு மேல காசு போடாதீங்க, வால்வ் கவரைக் கழட்டி வால்வை அமுக்குற ராக்கர் அசையுதான்னு பாக்கச் சொல்லுங்க. வீக் காயில் லோடு குறைஞ்சா சரியாயிடும். செத்த லிஃப்டர் ட்ரெய்லரைக் கழட்டினாலும் ஐடில்ல விட்டாலும் மிஸ் ஆகிட்டேதான் இருக்கும்.

கேள்வி: கம்ப்ரஷன் டெஸ்ட் எப்படி?

ஃப்யூவலையும் இக்னிஷனையும் துண்டிச்சுட்டு, எல்லா பிளக்கையும் கழட்டி, த்ராட்டிலை முழுசா திறந்து வச்சு, ஒவ்வொரு சிலிண்டரா பிளக் ஓட்டையில கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஸ்டார்ட்டரால இஞ்சினை நாலஞ்சு சுத்து சுத்துங்க. குறைஞ்ச எண் அதிகபட்ச எண்ணுல 75 சதவீதத்துக்குக் கீழ போகக்கூடாது. குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்பப் பாத்தா ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங், ஏறலன்னா வால்வோ ஹெட் கேஸ்கெட்டோதான்.

கேள்வி: மிஸ்ஸிங் சரியாயிடுச்சு, ஆனா முன்ன மாதிரி இழுக்கல.

மிஸ் ஆன நாள்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி பாதி அடைச்சிருக்கலாம். சமதரையில தெரியாது, மேட்டுல மூச்சு முட்டும். முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டையில கேஜ் மாட்டி 2500 ஆர்பிஎம்ல பாருங்க, 3 பிஎஸ்ஐக்கு மேல காட்டினா அடைப்பு. நாள்கணக்கா மிஸ்ஸோட ஓட்டியிருந்தா ஆயிலையும் மாத்திடுங்க, எரியாத பெட்ரோல் ரிங் வழியா கீழ இறங்கி ஆயிலை நீர்க்க வச்சிருக்கும்.

கேள்வி: மெக்கானிக்கிட்ட விடும்போது என்ன சொல்லணும்?

காயில் மாத்துங்கன்னு சொல்லாதீங்க, சொன்னா மாத்திடுவாங்க. என்ன எடை, எந்த ஏத்தம், எந்த கியர், எவ்ளோ ஆர்பிஎம், எத்தனை நிமிஷம் கழிச்சு, மழையா வெயிலா, டேங்க்ல எவ்ளோ பெட்ரோல், இதை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரீஸ் ஃப்ரேம் படத்தோட கொடுங்க. கழட்டின பழைய பார்ட்டைத் திருப்பித் தரச் சொல்லுங்க, அந்தக் கருப்புக் கோட்டை உங்க கண்ணால பாக்கணும். முடிஞ்சா லோடோட டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, ட்ரெய்லரை அங்கயே விட்டுட்டு வர முடியும்னா இன்னும் நல்லது.

கேள்வி: சரி பண்ணினப்புறம் குடும்பத்தோட நேரா கிளம்பிடலாமா?

வேண்டாம். முதல்ல தனியா, ட்ரெய்லர்ல பாதி எடையோட, பக்கத்துல இருக்கிற ஒரு மேட்டுக்குப் போங்க. நான் டென்வர்ல இருந்து கிளம்பி மலை ஆரம்பிக்கிற முதல் ஏத்தத்துலயே ஏறி, அடுத்த எக்ஸிட்ல திரும்பிடுவேன், வண்டி நின்னாலும் டோ ட்ரக் கூப்பிட வீட்டுப் பக்கம்தான். போகும்போது போனை எடுத்து நோண்டாதீங்க, ஆப்பை பதிவுல போட்டுட்டு ரோட்டைப் பாருங்க. திரும்பி வந்து இஞ்சினை அணைக்கிறதுக்கு முன்னாடி மோடு 6-ல எட்டு சிலிண்டரோட எண்ணிக்கையையும் பாத்து எழுதி வைங்க. எல்லாம் பூஜ்யம், இல்ல ஒண்ணு ரெண்டுன்னா அடுத்த வாரம் முழு எடையோட அதே ஏத்தம். மாத்தின சிலிண்டர்ல மட்டும் 20, 30ன்னு நின்னா லைட் எரியலன்னாலும் ட்ரெய்லரைக் கழட்டி வச்சுட்டு அந்தக் காயிலைத் தூக்கி கிணத்துல ஈரம் இருக்கான்னு திரும்ப பாருங்க.